அம்மா மாதிரியே இருக்காங்க, ஆனா அம்மா இல்லையாம்

கார் விபத்துல தலையில அடிபட்ட ஒரு இளைஞர். எதிர்ல நிக்கிற அம்மாவை, அம்மா வேஷத்துல வந்த வேற யாரோன்னு நம்பினார். அதே அம்மா போன்ல பேசினா சந்தேகமே வராது! 1923-ல பிரெஞ்சு மருத்துவர் காப்கிரா விவரிச்ச சிண்ட்ரோம் இது.

இந்த இளைஞரை ஆராய்ந்தவர் நம்ம சென்னை ஸ்டான்லியில படிச்ச வி.எஸ். ராமச்சந்திரன், 1997-ல கட்டுரை வந்தது. நெருங்கினவங்க முகத்தைப் பார்த்தா நம்ம கை லேசா வியர்க்கும். இவருக்கு அது நடக்கல. முகத்தை அடையாளம் காணும் பகுதிக்கும் உணர்ச்சிப் பகுதிக்கும் நடுவுல தொடர்பு அறுந்திருக்கலாம், குரலுக்கான பாதை தப்பிச்சிருக்கலாம்ங்கறது அவர் விளக்கம்.

மறதி நோய் வந்த பெரியவங்களுக்கும் இது வரலாம். உங்க பாட்டி "நீ யாரு?"ன்னு சந்தேகப்பட்டா, பாசம் போயிடுச்சுன்னு நினைக்காதீங்க. சண்டை போடாம டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.