மறுப்புக் கடிதத்துக்குப் பதில் எழுதுங்கள்

பொம்மையார்பாளையத்தில் கடலுக்குப் போகும் குடும்பமோ, மரக்காணத்தில் உப்பு வாரும் குடும்பமோ, பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை, நடை வரவில்லை என்றால் பயிற்சி ஆண்டுக்கணக்கில் நீளும். ஒவ்வொரு முறை போய்வரவும் ஒரு நாள் கூலி போகும். அந்தச் செலவைக் காப்பீட்டில் கேட்டால், "மருத்துவமனையில் 24 மணி நேரம் தங்கவில்லை" என்று க்ளைமைத் திருப்பிவிடுகிறார்கள். பேச்சுப் பயிற்சிக்கு எந்தப் பிள்ளை கட்டிலில் படுக்கிறது? அந்தக் கடிதத்தை முடிந்த முடிவாக ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பாலிசியின் எந்த விதிப்படி மறுக்கிறோம் என்பதை நிறுவனம் சொல்லியாக வேண்டும். அதன் மறுஆய்வுக் குழு ஒப்பாமல் மறுக்கவும் கூடாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆகவே முதல் வேலை, விதி எண்ணைக் கேட்டு நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுவது.

"பாலிசியிலேயே இல்லை என்று அச்சடித்திருக்கிறதே" என்பீர்கள். அச்சடித்ததெல்லாம் சட்டத்துக்கு மேலானதல்ல. மனநல சிகிச்சையை உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு செய்ய வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். மனநோய்க்குப் பணமில்லை என்று விதியைக் காட்டிய ஒரு நிறுவனத்தை, 2021இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தச் சட்டத்தைக் கொண்டே பணம் கொடுக்க வைத்தது. ஆனால் அறிவுசார் குறைபாடு இந்தச் சட்டத்தின் மனநோய் வரையறைக்குள் வராது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இது கைகொடுக்காது. புறநோயாளிச் செலவு கிடையாது என்று பாலிசி தெளிவாகச் சொல்லியிருந்தால் வெல்வது கடினம். அதனால்தான் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டை இப்போதே எடுத்து வைக்கச் சொல்கிறேன். 1 லட்சம் ரூபாய் வரை காப்பு. சேரும் முன் மருத்துவப் பரிசோதனை இல்லை. தொடர் பயிற்சிகளுக்கும், தனி வரம்புக்குள், பணம் உண்டு.

பெரிய நிறுவனத்தோடு ஏழை வழக்காட முடியுமா என்ற தயக்கம் நியாயமானது. ஆனால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமில்லை, வக்கீலுக்கும் இடமில்லை. நீங்களே தமிழ்நாட்டுக்கான சென்னை அலுவலகத்துக்கு எழுதலாம். அவர் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்குத் திருப்தியில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் வழி அடைபடாது. மருத்துவர் எழுதித் தந்த சீட்டு, பயிற்சிக்குப் பணம் கட்டிய ரசீது, மறுப்புக் கடிதம் எதையும் தொலைத்துவிடாதீர்கள். நிறுவனத்துக்கு எழுதி ஒரு மாதம் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்கு உங்களுக்கு உள்ள அவகாசம் ஓர் ஆண்டு.