நகலும் வாக்குறுதியும்



கீழ்பென்னாத்தூரில் ஒரு நிலத்தின் பட்டா நகல் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மூலப் பதிவு வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கிறது. மூலத்தில் பெயர் மாறிவிட்டது, நகலில் மாறவில்லை. அந்த நகலை நம்பிப் பணம் கொடுத்தவர் கதி என்ன? நகல் கையருகே இருக்கவும் வேண்டும். மெய்யாக இருக்கவும் வேண்டும். கணிப்பொறியில் இவ்விரண்டையும் ஒருங்கே பெறும் வழியையே இன்று சொல்ல விரும்புகிறேன்.

1980-களில் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், பல கணிப்பொறிகள் ஒரே கோப்புகளைப் பகிர்ந்துகொள்வதற்காக ‘ஆண்ட்ரூ கோப்பு முறை’ உருவாயிற்று. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற மகாதேவ் சத்தியநாராயணன் அதன் சிற்பிகளுள் முதன்மையானவர்.

முதலில் அமைத்த முறையில், கோப்பைத் திறக்கும்போதெல்லாம் பயனரின் கணிப்பொறி, “என் நகல் சரிதானா?” என்று சேவையகத்தைக் கேட்டது. கேள்விகள் பெருகின; சேவையகம் திணறியது. அடுத்த முறையில் பொறுப்பு இடம் மாறியது. நகலைத் தரும்போதே சேவையகம், “இது மாறினால் நானே சொல்லுகிறேன்” என்று வாக்களித்தது. சொல் வராதவரை நகலை நம்பலாம். ஆயினும், நடுவே இணைப்பு அறுந்தால் சொல் வந்து சேராதன்றோ? ஆகவே பின்னர் அந்த வாக்குக்குக் காலவரையும் விதித்தார்கள். அது கடந்தால் மீண்டும் கேட்டே தீரவேண்டும்.

லினக்ஸில் இம்முறையைக் கையாளும் பகுதி ஒன்று, இயக்க முறைமையின் உட்கருவாகிய கெர்னலுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. அதனால் எந்த மென்பொருளும் தொலைவிலுள்ள கோப்பை உள்ளூர்க் கோப்பைப் போலவே திறக்கும். பயனர் இன்னாரென்று மெய்ப்பிக்கும் வேலையோ வெளியே உள்ள சிறு கருவிகளுடையது. ‘கேஇனிட்’ என்னும் கருவி கடவுச்சொல்லைக் கொண்டு கெர்பரோஸ் சீட்டைப் பெற்றுத் தரும். ‘ஏகேலாக்’ அச்சீட்டைக் காட்டி அனுமதி பெற்றுக் கெர்னலிடம் சேர்ப்பிக்கும். அனுமதிக்கும் காலவரை உண்டு.

ஒன்றை மறவாதீர்கள். பொதுவாக, கோப்பை மூடும்போதுதான் திருத்தம் சேவையகத்தில் நிலைபெறும். இருவர் ஒரே வேளையில் ஒரே கோப்பைத் திருத்தினால், கடைசியில் மூடியவர் எழுத்தே நிற்கும்; மற்றவர் உழைப்பு அழிந்துபோகும். அங்கே இருவரும் கலந்து பேசி முறை வகுத்துக்கொள்வதே காப்பு.

இந்தக் கோப்பு முறைக்கு ஏ.சி.எம். என்னும் கணிப்பொறியாளர் சங்கத்தின் 2016-ஆம் ஆண்டுக்குரிய மென்பொருள் விருது கிடைத்தது. அதனிடம் நான் கற்றது இது: எந்த நகலைக் கையில் எடுத்தாலும், “இது மாறினால் எனக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் யார்?” என்று கேளுங்கள். எவரும் இல்லையெனில், மூலத்தைப் போய்ப் பாருங்கள்.