வேலியும் பயிரும்

நான் தலைமையாசிரியனாகப் பணியாற்றிய பள்ளி ஒன்றில், சேர்க்கைப் பதிவேட்டிற்கு நகலும் எழுதி வைத்திருந்தோம். இரண்டையும் ஒரே மர அலமாரியில் வைத்ததுதான் பிழை. மூலம் எது, நகல் எது என்று கரையான் பார்ப்பதில்லை. பிறந்த தேதிக்குச் சான்று கேட்டு வந்த பழைய மாணவர் ஒருவரை வெறுங்கையோடு அனுப்ப நேர்ந்தது. அவர் முகம் இன்றும் என் கண்முன் நிற்கிறது.

இக்காலத்தில் பதிவேடுகள் கணிப்பொறிக்குள் புகுந்துவிட்டன. ஒரு பொறியில் அடங்காத தரவைப் பல பொறிகளில் பகிர்ந்து வைத்து, பயன்படுத்துவோர்க்கு ஒரே இடத்தில் இருப்பதுபோலக் காட்டும் அமைப்புகள் உள்ளன. ஹடூப் அவற்றுள் ஒன்று. அது பெரிய கோப்பை வழக்கமாக 128 மெகாபைட் துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டிற்கும் 3 படிகளை வெவ்வேறு பொறிகளில் வைக்கும். ஒரு பொறி பழுதுற்றாலும் தரவு பிழைக்கும்.

அங்ஙனமாயின் தனியே காப்பு நகல் எதற்கு என்று கேட்பீர்கள். அம்மூன்று படிகளும் ஒரே ஆணைக்குக் கட்டுப்பட்டவை. கோப்பை அழிக்குமாறு ஆணை பிறந்தால் மூன்றும் ஒருங்கே போய்விடும். அவை பொறியின் பழுதுக்கு மருந்து. மனிதரின் பிழைக்கு மருந்தாகமாட்டா.

ஜப்பான் நாட்டுக் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில் நிகழ்ந்ததைக் கேளுங்கள். மீக்கணிப்பொறியின் சேமிப்பகத்திற்குக் காப்பு நகலெடுக்கும் நிரல் ஓடிக்கொண்டிருந்தபோதே, அதன் இடத்தில் திருத்திய நிரல் வைக்கப்பட்டது. பழைய செயற்குறிப்புகளை மட்டும் அழிக்க வேண்டிய கட்டளை, தடுமாறி ஆய்வாளர்களின் கோப்புகளையே அழித்தது. சுமார் 77 டெராபைட் அளவுள்ள ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் கோப்புகள் மறைந்தன. இழப்புற்ற 14 ஆய்வுக் குழுக்களுள் 4 குழுக்களின் கோப்புகளைக் காப்பு நகலிலிருந்து மீட்க இயலவில்லை. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுதான்.

ஆதலின் இரண்டு செய்திகளை மனத்தில் இருத்துங்கள். காப்பு நகல், மூலம் இருக்கும் இடத்திலும் அதன் ஆணைக்குள்ளும் இருத்தலாகாது. அன்றியும், நகலிலிருந்து கோப்பை மீட்டுப் பார்த்தாலன்றி அதனை நகலென்று நம்பலாகாது. உங்கள் கட்டுரையை, ஆய்வேட்டை, குடும்பப் படங்களை இன்றே வேறொரு வட்டில் படியெடுங்கள்; அதனை வேறொரு வீட்டில் வையுங்கள்; திறந்தும் பாருங்கள். என் அலமாரி எனக்குக் காலங்கடந்து கற்பித்த பாடம் உங்களுக்குக் காலத்தே பயன்படுவதாக.