முன்னெழுத்தில் வாழும் முன்னோர்

(கோட்டையூரில் ஆற்றிய உரை)



மகனுடைய மகனைப் ‘பெயரன்’ என்றது தமிழ். பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். அச்சொல்லே ‘பேரன்’ எனத் திரிந்தது. பெயரிடும் முறையை உறவுச் சொல்லிலேயே பொதிந்து வைத்த மொழி இது. சங்கப் புலவர் பெயர்களை நோக்குமின்! மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரில் ஊரும், தந்தையின் தொழிலும், இயற்பெயரும் ஒருங்கே நிற்கின்றன. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வணிகர் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இவ்வியல்பு பிற மொழியாரிடத்தும் உண்டு. எசுப்பானியக் குடிப்பெயர்களுள் பெர்னாந்தெசு என்பது பெர்னாந்தோவின் மகன் எனப் பொருள்படும். பெரெசு என்பது பெத்ரோவின் மகன். எரேரோ என்றால் கொல்லன்; தொலேதோ ஓர் ஊர்ப்பெயர். ஒரே குடிப்பெயர் பல்லாயிரவர்க்கு உண்டு. ஆயினும், தந்தைவழிப் பெயரை அடுத்துத் தாய்வழிப் பெயரையும் எழுதுவதால் ஆள் இன்னார் எனத் தெளிவாகிறது. ஓவியர் பிக்காசோவின் தந்தைவழிப் பெயர் உரூயிசு. உலகறிந்த ‘பிக்காசோ’ தாய்வழி வந்ததே. மணந்த பின்னும் அந்நாட்டுப் பெண் தன் குடிப்பெயரை விடுவதில்லை.

கோட்டையூரார்க்கு இது புதுமையன்று. நகரத்தார் இளையாற்றங்குடி முதலாய ஒன்பது கோயில்வழிப் பிரிந்தவர். ஒரே கோயிலின் ஒரே பிரிவினர் பங்காளிகள்; அவர்க்குள் மணவுறவில்லை. பாட்டன் பெயரே பெயரனுக்கு வருவதால் ஊர்தோறும் அழகப்பரும் இராமநாதரும் பலராயினர். வேறுபாடு காட்டத் தந்தை, பாட்டன், பூட்டன் பெயர்களின் முதலெழுத்துகளை முன்னே நிறுத்தினர். அதுவே ‘விலாசம்’ என வழங்கியது. பருமா, இலங்கை, மலேயா நாடுகளில் கடைநடத்திய காலத்தே கடைப்பெயரும் அதுவே. நாணயத்திற்கு ஈடும் அதுவே. இவ்வூரிற் பிறந்த வள்ளல் அழகப்பர் (1909–1957) பெயர்முன் நிற்கும் ‘இராம.’ என்பது தந்தையார் இராமநாதரைக் காட்டுவதன்றோ!

குடும்பம் தானே வளர்த்த பெயர் வரலாறு சொல்லும். ஆள்வோர் தந்த பெயர் ஆட்சியையே சொல்லும். பிலிப்பைன் தீவுகளில் 1849ஆம் ஆண்டு எசுப்பானிய ஆளுநர் கிளாவெரியா பெயர்ப்பட்டியல் ஒன்றனுப்பி மக்களுக்குக் குடிப்பெயர் வழங்கச் செய்தார். சில ஊர்களில் எல்லார் பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கின! முத்துக்குளித்துறைப் பரதவரிடை 16ஆம் நூற்றாண்டிற் போர்த்துக்கீசியர் வழி வந்த பர்னாந்து முதலிய பெயர்கள் இன்று அவர்தம் குடிப்பெயர்களே. அவற்றை இழித்துரைத்தல் தகாது. எனினும், அவற்றுக்கு முந்திய பாட்டனை அவை காட்டமாட்டா.

நம் முன்னெழுத்துக்கு இன்று வந்துள்ள கேடு யாது? அதனை ஆங்கிலத்தில் எழுதுவதே. ‘கே’ என்ற ஓரெழுத்துக்குள் கருப்பன், காசி, குமரப்பன், கோவிந்தன் அனைவரும் மறைகின்றனர். தமிழிலோ க, கா, கு, கோ எனத் தனித்தனியே விளங்குகின்றனர். உயிரையும் மெய்யையும் ஒரே எழுத்தில் ஏந்தும் தமிழுக்கு இவ்வாற்றல் இயல்பிலேயே உண்டு. ஆங்கிலத்தில் எழுதிய நகரத்தார் ஓரெழுத்துப் போதாமல் ‘ஆர்எம்’, ‘ஏஎல்’ என ஈரெழுத்து இட நேர்ந்ததும் நினைக்கத்தக்கது. 1940ஆம் ஆண்டு காந்தியடிகள் பற்றிய ஆவணப்படத்தை உருவாக்கிய கோட்டையூர்ச் செல்வர் ஏ.கே. செட்டியாரின் இயற்பெயர் கருப்பன் என்பதை இளையோருள் எத்துணைப் பேர் அறிவர்?

சாதிப்பட்டத்தை விடுதல் வேறு; பெற்றோர் பெயரை இழத்தல் வேறு. முன்னதை விடுக, பின்னதைக் காக்க. விலாசத்தில் ஆடவர் பெயரே நிற்கிறது. எசுப்பானியரைப் போல் அன்னை பெயருக்கும் அதில் இடந்தருக. 2021ஆம் ஆண்டிலும் தமிழ்நாட்டரசு முன்னெழுத்தைத் தமிழிலேயே எழுதப் பணித்தது. ஆணை தாளில் இருந்தாற் போதாது, கையொப்பத்தில் இறங்கவேண்டும்.

வீட்டு முதியோர் இருக்கும்போதே, ஒவ்வோர் எழுத்தும் யாரைக் குறிக்கிறதென்று கேட்டு முழுப்பெயராய் எழுதிவையுங்கள். கடல்கடந்து வாழும் பெயரனுக்கு அந்த ஓரேடு வளமனையினும் பெரிய சொத்தாகும்.