ஆற்றோரம் நடப்பவரே ஆற்றுக்குக் காவல்



ஜொகூர் பாருவுக்கு வருகிறவர்கள் பேரங்காடிக்குப் போவார்கள், கோயிலுக்குப் போவார்கள், உறவினர் வீட்டுக்குப் போவார்கள். நகரின் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது என்பது பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை. வோங் ஆ ஃபூக் சாலையை ஒட்டி ஓடி, ஜொகூர் நீரிணையில் கலக்கும் அந்தச் சிற்றாற்றின் பெயர் சுங்கை செகெட்.

அந்த ஆற்றோரம் நடந்து பார்ப்பது மிக எளிது. ஜேபி சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து சிட்டி ஸ்குவேர் பேரங்காடியைக் கடந்தால், சில நிமிடங்களில் வோங் ஆ ஃபூக் சாலை வந்துவிடும். தளம் போட்ட பாதை. மலையேறும் தெம்பு வேண்டியதில்லை. தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்தே நடக்கலாம். மத்தியானத்தில் வெயில் சுடும், பிற்பகலில் இடியோடு மழை பிடித்துக்கொள்ளும். ஆகவே காலையில் பசியாறுவதற்கு முன்போ, பொழுது சாயும் வேளையிலோ போவது நல்லது. 1911-இல் எழுந்த ராஜமாரியம்மன் கோயிலும் அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது.

ஆனால், இந்தப் பாதையில் நடக்கிறவர்கள் இதன் கதையையும் தெரிந்துகொண்டு நடக்க வேண்டும்.

ஜொகூர் மாநிலமே ஆறுகளால் உருவானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிளகும் காம்பியரும் பயிரிட வந்த சீனக் குடியேறிகளுக்கு, ஆற்றை அடையாளமாக வைத்தே நிலம் வழங்கப்பட்டது. அந்த உரிமைப் பத்திரத்துக்கு 'சூராட் சுங்கை', அதாவது ஆற்றுப் பத்திரம் என்றே பெயர். கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் போன்ற ஊர்ப் பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம். அன்று ஆறுதான் ஊருக்குச் சாலை, ஆறுதான் முகவரி.

பிறகு தார்ச்சாலைகள் வந்தன. ஊர் ஆற்றுக்கு முதுகைக் காட்டியது. கடைகளின் பின்வாசல்கள் ஆற்றுப் பக்கம் திரும்பின. கழிவுநீரும் குப்பையும் செகெட் ஆற்றில் சேர்ந்தன. துர்நாற்றம் தாங்க முடியாமல் போனபோது, 2000-களில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆற்றின் மேலே கான்கிரீட் மூடி போட்டு, அதன் மேல் நடைபாதையும் அலங்காரமும் அமைத்தார்கள். கீழே சாக்கடை ஓடிக்கொண்டிருக்க, மேலே மக்கள் நடந்தார்கள்.

வீட்டுக் குப்பையைப் பாய்க்கு அடியில் தள்ளிவிட்டு, வீடு சுத்தமாகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? கண்ணுக்கு மறைந்த ஆறு கருத்திலிருந்தும் மறைந்தது. அடுத்த பத்தாண்டில் இந்தத் தவறு உணரப்பட்டது. மூடி உடைத்து அகற்றப்பட்டது. கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. ஆறு மீண்டும் வெளிச்சத்தைக் கண்டது.

தென்கொரியாவின் சோல் நகரிலும் இதே கதை நடந்தது. சொங்க்யெசொன் ஓடையை மூடி, அதற்கு மேலே மேம்பாலச் சாலையும் கட்டியிருந்தார்கள். பிறகு பாலத்தை இடித்து, ஓடையைத் திறந்து, 2005-இல் சுமார் 5.8 கிலோமீட்டருக்கு நீரோட்டமும் நடைபாதையும் அமைத்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரின் பீஷானில், 2.7 கிலோமீட்டர் நீளக் கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆற்றுப் பகுதி, 2012-இல் வளைந்து நெளிந்து ஓடும் 3.2 கிலோமீட்டர் ஆறாக மாற்றப்பட்டது. இன்று அதன் கரையில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

செகெட் ஆறு அந்த நிலையை எட்டிவிட்டதா? இல்லை. திறந்த பின்னரும் குப்பை, வாடை பற்றிய புகார்கள் எழுந்தன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆறு கண்ணுக்குத் தெரிவதால்தான் புகார் எழுகிறது. மூடிக்கு அடியில் ஓடியபோது அதைப் பார்த்துப் புகார் செய்ய யார் இருந்தார்கள்?

யாரும் எட்டிப் பார்க்காத ஆற்றுக்கு என்ன நேரும் என்பதை ஜொகூர் மக்கள் மறக்கக்கூடாது. 2019 மார்ச் மாதம் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவு கொட்டப்பட்டது. நச்சு வாயு பரவியது. வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறியது, வாந்தி வந்தது. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சை பெற்றனர். அந்த வட்டாரத்தின் 111 பள்ளிகளையும் மூட வேண்டியதாயிற்று. தனக்கும் அந்த ஆற்றுக்கும் சம்பந்தமில்லை என்று நினைத்திருந்த குடும்பங்களின் வாசலுக்கே ஆறு வந்து சேர்ந்தது.

கரையில் நடைபாதை இருந்திருந்தால் அந்தக் கொடுமை நடந்திருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. சட்டமும் அமலாக்கமும் செய்ய வேண்டிய வேலையை நடைபாதை செய்துவிடாது. ஆனால் காலையும் மாலையும் மெதுவோட்டக்காரர்களும் மிதிவண்டிப் பிள்ளைகளும் நடமாடும் கரையில், லோரியை நிறுத்திக் கழிவைக் கொட்டுவதற்கு யாருக்கும் தயக்கம் வரும். தண்ணீரின் நிறம் மாறினால் அன்றைக்கே நாலு பேருக்குத் தெரிந்துவிடும். ஆற்றோரப் பாதை நகருக்கு அழகு மட்டுமல்ல, ஆற்றுக்குக் காவலும் அதுதான்.

ஆடிப்பெருக்கன்று ஆற்றைத் தாயாக வணங்குவது தமிழர் மரபு. ஆண்டுக்கு ஒரு நாள் வணங்கும் தாயை மற்ற நாள்களில் எட்டிப் பார்க்காமல் இருப்பது முறையாகுமா? அடுத்த வாரக் கடைசியில் குடும்பத்தோடு செகெட் கரையில் ஒரு நடை நடந்து பாருங்கள். ஜொகூரில் இல்லாதவர்கள் தங்கள் ஊர் ஆற்றோரம் நடக்கலாம். "இந்தத் தண்ணி ஏன் கறுப்பா இருக்கு?" என்று பிள்ளை கேட்டால், பேச்சை மாற்றாதீர்கள். அந்தக் கேள்வியை மாநகர் மன்றத்திடமும் சுற்றுச்சூழல் இலாகாவிடமும் நீங்கள் கேளுங்கள்.

கேட்பதற்கு ஆள் இருக்கிற ஆறுதான் பிழைக்கும்.