கடைக்காரர் இல்லாத கடை: இயங்கலை விற்பனைப் பக்கமும் தமிழும்



மொழிக்கென அமைந்த சொற்பொழிவு வரிசையில் விற்பனையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பட்டினப்பாலையைப் பாடம் சொல்லும் ஆசிரியர்களுக்கு அந்த ஐயம் எழாது. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவில் குவிந்த பண்டங்களைப் பாட வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், அவை அரியவை, பெரியவை என்று சொல்வதற்கு முன்னரே ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறார். குதிரைகள் கடல்வழி வந்தவை. சந்தனமும் அகிலும் மேற்கு மலையில் விளைந்தவை. முத்து தெற்குக் கடலைச் சேர்ந்தது. அந்தப் பட்டியலில் காழகத்துப் பொருளும் உண்டு. காழகம் என்பதற்குக் கடாரம் என்று உரை எழுதினார் நச்சினார்க்கினியர். கடாரம் என்பது நாம் இன்று கூடியிருக்கும் இந்தக் கெடா மண்ணே என்பர் வரலாற்றறிஞர். ஆகவே, விற்பனைப் பொருளை விவரித்தல் என்னும் கலையில் கெடாவுக்குப் பழைய உறவு இருக்கிறது.

இனி, நம் காலத்துக்கு வருவோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் நம் குடும்பங்கள் பல சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் ஆகிய ஊர்களின் தாமான் வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. அவ்வீடுகளின் சமையலறைகளிலிருந்து முறுக்கும் மசாலைத் தூளும் ஊறுகாயும் வெளியே வருகின்றன. முன்னறையில் தையல் இயந்திரம் ஓடுகிறது. ஷோப்பி, லசாடா போன்ற விற்பனைத் தளங்களில் இவர்களுக்கும் ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறந்தால் நாம் பெரும்பாலும் காண்பது இவ்வளவுதான்: ‘சுவையான, தரமான, பாரம்பரிய முறுக்கு. உடனே வாங்குங்கள்.’ பெயரடை மூன்று, கட்டளை ஒன்று, செய்தி ஒன்றுமில்லை.

தோட்டத்துக் கடையை நினைத்துப் பாருங்கள். அங்கே பெயர்ப்பலகைகூட இல்லாதிருக்கலாம். ஆனால் கடைக்காரர் இருந்தார். ‘இந்தப் பருப்பு வேகுமா?’ என்று கேட்டால் பதில் சொன்னார். பற்றுக் கணக்கில் எழுதிக்கொண்டார். பண்டம் கெட்டிருந்தால் மறுநாள் மாற்றிக் கொடுத்தார். துணி மூட்டையுடன் வந்த வணிகர் சேலையை விரித்துக் காட்டினார்; நம் தாய்மார் அதை விரலால் தடவிப் பார்த்தனர். இயங்கலைக் கடையில் தடவிப் பார்க்கும் விரலும் இல்லை. பதில் சொல்லும் வாயும் இல்லை. வாங்குபவர் கேட்கக்கூடிய கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்ட பதிலே அந்தப் பக்கம். பதில் கிடைக்காதவர் கேட்டுக்கொண்டு நிற்கமாட்டார். விரலை நகர்த்தி அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

முறுக்கையே எடுத்துக்கொள்வோம். அது கைமுறுக்கா, அச்சில் பிழிந்ததா? அரிசி மாவும் உளுந்து மாவுமா, கடலை மாவு கலந்ததா? எந்த எண்ணெயில் பொரித்தது? காரம் உண்டா? பொட்டலத்தின் எடை எவ்வளவு, ஏறத்தாழ எத்தனை முறுக்கு இருக்கும்? என்றைக்குச் செய்தது, எத்தனை நாள் மொறுமொறுப்பாக இருக்கும்? நிலக்கடலையோ முந்திரியோ சேர்ந்திருக்கிறதா? இந்தக் கடைசிக் கேள்வியைச் சிறியதென்று ஒதுக்கிவிட வேண்டாம். ஒவ்வாமை உள்ள குழந்தையின் தாய்க்கு அதுதான் முதற்கேள்வி. இவற்றுக்கு ஐந்தாறு எளிய வாக்கியங்களில் விடை எழுதிவிட்டால், ‘சுவையான’ என்னும் சொல்லுக்கு அங்கே வேலையே இராது. படிப்பவர் நாவே அதைச் சொல்லிக்கொள்ளும்.

சேலைக்கும் தைத்த ஆடைக்கும் அளவே உயிர். சேலையின் நீளம் எத்தனை மீட்டர், இரவிக்கைத் துணி அதில் அடக்கமா தனியா, பருத்தியா செயற்கை இழையா, வீட்டில் துவைக்கலாமா என்பன எழுதப்பட வேண்டும். பஞ்சாபி உடைக்கு ‘பெரியது, நடுத்தரம்’ என்றால் போதாது. ஒரு தையற்காரரின் நடுத்தரம் இன்னொருவருக்குச் சிறியது. மார்பளவையும் உயரத்தையும் அங்குலத்தில் தந்தால், திரும்பி வரும் பொட்டலங்கள் குறையும். நிறம் கைப்பேசித் திரையில் சற்று மாறித் தோன்றும் என்பதையும் முன்னரே சொல்லிவிடுவது நேர்மை. படத்தைப் பற்றி ஒன்றே ஒன்று: பகல் வெளிச்சத்தில் எடுத்த படமும், பொருளின் பருமனைக் காட்ட அருகில் ஒரு கையோ தட்டோ இருக்கும் படமும் போதும். பூவேலைச் சட்டங்களும் மின்னும் எழுத்துகளும் வேண்டா.

அடுத்து மொழிக்கு வருவோம். இதில்தான் நமக்குள் கருத்து வேறுபாடு எழக்கூடும். தமிழர் கடை என்பதால் பக்கம் முழுவதும் தமிழிலேயே இருக்கவேண்டும் என்பார் உளர். நம் எண்ணம் வேறு. வாங்குபவர் தேடுபெட்டியில் எந்தச் சொல்லை இடுவாரோ அந்தச் சொல் தலைப்பில் இல்லையென்றால் பொருள் அவர் கண்ணிலேயே படாது. முறுக்கை மலாய் அன்பர்களும் ‘மூருக்கு’ என்றே அறிவர், கவலையில்லை. ஆனால் கறிவேப்பிலை அவர்களுக்கு ‘டாவுன் காரி’, மஞ்சள் ‘கூஞிட்’. மேலும், நம் பிள்ளைகளே தமிழ்ச் சொல்லை உரோமன் எழுத்தில், ஆளுக்கொரு விதமாக எழுதித் தேடுகின்றனர். ஆகவே தலைப்பில் மலாய்ச் சொல்லும் இருக்கட்டும். உரோமன் எழுத்து வடிவமும் இருக்கட்டும். அதே வேளையில் விளக்கத்தில் தமிழ் முழுமையாகவும் பிழையின்றியும் இருக்கட்டும். வாழையிலைப் படத்தின்மேல் ஒட்டிய ‘வணக்கம்’ என்னும் ஒற்றைச் சொல்லாகத் தமிழைச் சுருக்குவதைவிட அது மேலானது. கணினியில் தமிழ் எழுத வகைசெய்த முரசு அஞ்சலை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர். கருவி இல்லை என்று சொல்ல நமக்கு வாய்ப்பில்லை.

விலையை மறைப்பது பெருங்கேடு. பேமார்ட் என்னும் ஆய்வு நிறுவனம் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டபடி, இயங்கலைக் கூடையில் பொருளை இடுவோரில் பத்துக்கு ஏறக்குறைய ஏழு பேர் வாங்காமலே விலகுகின்றனர். அவர்கள் சொல்லும் காரணங்களில் முதன்மையானது, கடைசியில் வந்து சேரும் கூடுதல் கட்டணம். தீபகற்பத்துக்கு ஒரு கட்டணம், சபா சரவாக்கிற்கு வேறு கட்டணம் என்றால் அதைத் தொடக்கத்திலேயே எழுதலாமே. தோட்டத்து லயத்து வீடுகளுக்குப் பொட்டலம் எப்படிச் சேரும், எத்தனை நாளாகும் என்பதையும் எழுதினால், நம்மவரிடையே அக்கடையின் பெயர் நிலைக்கும்.

இது நற்பண்பு மட்டுமன்று, சட்டமுமாகும். 2013 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த மின்வணிகப் பயனீட்டாளர் பாதுகாப்பு விதிமுறைகள், விற்பவரின் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம், பொருளின் முதன்மைத் தன்மைகள், போக்குவரத்துச் செலவும் வரியும் அடங்கிய முழு விலை, செலுத்தும் முறை, நிபந்தனைகள், வந்துசேரும் காலம் ஆகிய எட்டையும் வெளியிடப் பணித்தன. இல்லாத சிறப்பை இருப்பதாக எழுதுவதோ வணிக விவரிப்புச் சட்டம் 2011-இன்படி குற்றம். ‘சர்க்கரை நோயைத் தீர்க்கும் சத்துமாவு’ என்று எழுதும் கை சற்று நடுங்கத்தான் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே, கட்டுரைப் பாடத்தில் ‘எனக்குப் பிடித்த பண்டிகை’ என்னும் தலைப்பை ஆண்டுதோறும் கொடுக்கிறோம். ஒருமுறை இதைக் கொடுத்துப் பாருங்கள். மாணவர் தம் வீட்டிலோ அண்டையிலோ விற்பனைக்குச் செய்யப்படும் ஒரு பொருளைப் பற்றி நூறு சொற்களுக்குள் எழுதட்டும். பெயரடை இரண்டுக்கு மேல் கூடாது. எண்கள் குறைந்தது நான்கு இருக்கவேண்டும். எழுதியதை வகுப்பில் வேறொரு மாணவர் படித்துவிட்டு, வாங்குபவராக இருந்து கேள்வி கேட்கட்டும். விடையில்லாத கேள்வி ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் சேரட்டும். திருத்திய படியை மாணவர் வீட்டுக்கு எடுத்துச் சென்று, செய்பவரிடமே படித்துக் காட்டட்டும். எண்ணெயின் பெயர் தவறு என்று அவர் சொன்னால், அதையும் திருத்திக்கொண்டு வரட்டும்.