மூன்று ரூபாயும் ஒரு தாயும்

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் 16 வயது வேங்கடராமனிடம் அண்ணன் தன் படிப்புக் கட்டணத்துக்காக ஐந்து ரூபாய் எடுத்துப்போகச் சொன்னார். பையன் மூன்றை எடுத்துக்கொண்டான். மிச்சம் இரண்டை ஒரு சீட்டோடு வைத்துவிட்டு வீட்டைவிட்டே கிளம்பினான். அந்தச் சீட்டு 'நான்' என்று தொடங்குகிறது. போகப்போக 'இது' என்று மாறிவிடுகிறது. கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் வெறும் கோடு. பெயரை அங்கேயே விட்டுவிட்டார்!

செப்டம்பர் 1ஆம் தேதி திருவண்ணாமலை. அய்யங்குளத்தருகே தலைமுடி இறக்கி, மிச்சக் காசைக் குளத்தில் எறிந்தார். அவர்தான் ரமண மகரிஷி.

முறைப்படி சந்நியாசம் வாங்குபவர் தனக்கே சிராத்தம் செய்துகொண்டு, குருவிடம் காஷாயம் பெறுவார். ரமணர் இதெதுவும் செய்யவில்லை. கௌபீனம் ஒன்றுதான்.

அம்மா அழகம்மாள் 1898இல் தேடிவந்து அழுதார். மகன் மௌனமாக இருந்தார். விதிப்படிதான் நடக்கும் என்று எழுதிக் கொடுத்தார். எனக்கு இந்த இடம் எப்போதும் வலிக்கும். ஆனால் 1916இல் அதே அம்மா மகனோடு தங்க வந்தார். காவி உடுத்தி, மகனைச் சுற்றியிருந்தவர்களுக்கெல்லாம் சமைத்துப் போட்டார். 1922 மே 19, அவருடைய கடைசி நாள். ஒரு கையை அம்மாவின் நெஞ்சிலும் மறு கையைத் தலையிலும் வைத்தபடி மணிக்கணக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார் ரமணர்.

துறவிகளைப் போலவே அம்மாவையும் எரிக்காமல் மலையடிவாரத்தில் சமாதி வைத்தார்கள். அந்தச் சமாதியைச் சுற்றித்தான் இன்றைய ரமணாசிரமம் வளர்ந்தது.